மேல்துணி தயார், தைக்கத்தான் பயம்: குயில்ட்டிங் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

துண்டுத் துணிகளை வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, ஒரு வழியாக மேல்துணி முழுசாக வந்துவிட்டது. பார்க்கவே அழகாக இருக்கிறது. அடுத்து அதற்குக் கீழே பஞ்சுவிரிப்பையும் அடித்துணியையும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இந்தத் தையல்தான் குயில்ட்டிங், தைத்து முடித்த மூன்றடுக்கு விரிப்புதான் குயில்ட். அங்கேதான் கை நின்றுபோகிறது. என்னுடைய முதல் மேல்துணி இரண்டு வருஷத்துக்கு மேல் அலமாரியில் மடித்தபடியே இருந்தது. எடுத்துப் பார்ப்பேன், தடவிப் பார்ப்பேன், மறுபடி மடித்து வைத்துவிடுவேன். இத்தனை நாள் உழைத்ததை ஒரே மணி நேரத்தில் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்புதான் காரணம்.

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. துண்டுகளை இணைக்கும்போது தப்பு நடந்தால் ஒரு கட்டத்தோடு போய்விடும், மூன்றடுக்கைத் தைக்கும்போதோ மொத்த உழைப்பும் ஊசிக்குக் கீழே கிடக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த வேலையில் திரும்பவே முடியாத கட்டம் ஒன்றுதான், துணியை வெட்டுவது. அதை நீங்கள் ஏற்கெனவே தாண்டி வந்துவிட்டீர்கள். தையலைப் பிரிக்கலாம். ஊசி போட்ட ஓட்டைகூடப் பருத்தித் துணியில் நிற்பதில்லை, லேசாகத் தண்ணீர் தெளித்து நகத்தால் நீவிவிட்டால் இழைகள் சேர்ந்துகொள்ளும். அதனால் தைக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். திரும்பி வர வழி தெரிந்தவருக்குப் புது ஊருக்குள் நுழையத் தயக்கம் இருக்காது.

முதலில் ஒரு பயிற்சித் துண்டு

14 அங்குலச் சதுரத்தில் இரண்டு துணி, அதே அளவில் நடுவே வைக்க ஒரு பஞ்சுவிரிப்பு. பழைய பருத்திச் சட்டையோ படுக்கை விரிப்போ போதும், ஆனால் பஞ்சுவிரிப்பு மட்டும் நீங்கள் நிஜக் குயில்ட்டில் போடப்போகிற அதே வகையாக இருக்கட்டும், தடிமன் மாறினால் தையலும் மாறிவிடும். மூன்றையும் அடுக்கி, நான்கைந்து ஊக்கு குத்தி, மெஷினிலோ கையிலோ ஒரு கோடு தையுங்கள். கோணலாகப் போனாலும் பரவாயில்லை, அதை இப்போது பிரிக்கத்தான் போகிறோம்.

பிரிக்கிற முறை இது. துண்டைப் பின்பக்கம் திருப்பி, தையல் பிரிக்கிற சின்னக் கருவியான சீம் ரிப்பரின் நுனியால் மூன்று அல்லது நான்கு தையலுக்கு ஒரு தையல் என்று வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு முன்பக்கம் திருப்பி, மேல்நூலின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் அது ஒரே நீளமாகக் கழன்று வந்துவிடும், பின்பக்கம் வெட்டுப்பட்ட நூல்துணுக்குகளைக் கையால் தட்டிவிடலாம். ஒவ்வொரு தையலையும் நெம்பி எடுப்பவர்கள்தான் துணியைக் கிழித்துக்கொள்கிறார்கள். இதை இரண்டு முறை செய்துவிட்டு அந்த இடத்தை நீவிப் பாருங்கள், எங்கே தைத்தோம் என்றே கண்டுபிடிக்க முடியாது. எனக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

இந்தப் பயிற்சித் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசிவரை அது மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அடுக்குவதில் அவசரம் வேண்டாம்

புதியவர்கள் தையலுக்குப் பயப்படுகிறார்கள், ஆனால் பின்னால் வருகிற சிக்கல்களில் பெரும்பகுதி தையலில் பிறப்பதில்லை, அடுக்கும்போதே பிறந்துவிடுகிறது. பின்பக்கம் துணி சுருக்கு விழுந்து, அதன் மேலேயே தையலும் ஓடிப்போய், எல்லாம் முடிந்த பிறகு திருப்பிப் பார்த்து மனசு உடைகிறதே, அது முழுக்க முழுக்க அடுக்கின கோளாறு.

அடித்துணியும் பஞ்சுவிரிப்பும் மேல்துணியைவிட நான்கு பக்கமும் 3 அல்லது 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். தைக்கத் தைக்கப் பஞ்சு உள்வாங்கிக்கொண்டே போகும், மேல்துணியும் கொஞ்சம் நகரும், அதற்குத்தான் இந்த இடம். அடித்துணியை நன்றாக இஸ்திரி போட்டு, நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி தரையில் விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும், அதற்காக இழுத்துப் பிடித்து ஒட்டவும் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குச் சுருங்கி, மேலே இருப்பதையும் சேர்த்துச் சுருக்கிவிடும். அதன்மேல் பஞ்சை விரித்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிவிடுங்கள், அதன்மேல் மேல்துணி, நல்ல பக்கம் உங்களைப் பார்க்கும்படி.

இனி ஊக்கு. நடுவில் தொடங்கி வெளியே போகும் வரிசையில், உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு ஊக்காவது தட்டுப்பட வேண்டும், அதாவது சுமார் 4 அங்குலத்துக்கு ஒன்று. நிறையத்தான் ஆகும், முட்டியும் வலிக்கும், நடுவில் எழுந்து நடங்கள். எந்தக் கோட்டில் தைக்கப்போகிறோம் என்று தெரிந்தால் அந்தக் கோட்டைத் தவிர்த்துக் குத்துங்கள். கையால் குயில்ட் செய்பவர்கள் ஊக்குக்குப் பதில் நீள நீளமான தற்காலிகத் தையல் போட்டுக்கொள்வது நல்லது. துணியை விரித்துப் பிடிக்க மாட்டுகிற வட்டச் சட்டத்தில், அதாவது வளையத்தில், ஊக்கு இடறும், தையல் இடறாது.

பஞ்சுவிரிப்பு பற்றி ஒரே ஒரு யோசனை. முதல் முறை மெல்லிய பருத்தி விரிப்பையோ பருத்தி கலந்ததையோ எடுங்கள். உப்பலான பாலியெஸ்டர் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் ஊசிக்குக் கீழே அது எழும்பி எழும்பி வழுக்கும். உறையில் தையல்களுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். அந்த எண் 8 அங்குலம் என்றால், நெருக்கி நெருக்கித் தைக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மெஷினில் தைப்பவர்களுக்கு

மெஷினில் குயில்ட் செய்தால் அது அசல் இல்லை என்று யாராவது சொல்லி, அதனாலேயே தயங்குகிறீர்கள் என்றால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். 1989ல் அமெரிக்காவின் படூகா நகரில் நடந்த பெரிய குயில்ட் போட்டியில் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவர் மெஷினில் குயில்ட் செய்த படைப்புக்கு முதன்மைப் பரிசு கிடைத்தது, அங்கே மெஷின் வேலைக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த வாதம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

முதலில் வாக்கிங் ஃபுட் ஒன்று மாட்டுங்கள். சாதாரண மெஷினில் கீழே இருக்கும் பல் மட்டும்தான் துணியை நகர்த்தும், மேலே அழுத்துகிற ஃபுட் சும்மா இருக்கும். அதனால் அடித்துணி முன்னே போக, மேல்துணி பின்தங்கி, ஃபுட்டுக்கு முன்னால் ஒரு மடிப்பாகக் குவிந்து நிற்கும். வாக்கிங் ஃபுட்டுக்கும் பல் உண்டு, மேலிருந்தும் துணியை அதே வேகத்தில் தள்ளும். புது ஊசி போடுங்கள், 14 எண் ஊசி மூன்றடுக்குக்குத் தாங்கும். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டர் அளவுக்கு வையுங்கள். சட்டை தைக்கிற நீளத்தில் தைத்தால் தடிமனில் தையல் இன்னும் பொடியாகத் தெரியும், பிரிக்கவும் கஷ்டம்.

தைக்கத் தொடங்கும்போது ஒரு சின்ன வேலை. ஊசி இறங்கவேண்டிய இடத்தில் ஃபுட்டை இறக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மேல்நூலை மெதுவாக இழுங்கள், அடியில் பாபின் என்ற சின்ன உருளையில் சுற்றியிருக்கும் நூல் ஒரு வளையமாக மேலே வரும். அதையும் மேலே எடுத்து, இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்தபடி முதல் நான்கைந்து தையலைப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டுவிடும்.

குருவிக்கூடு என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும், மெஷினை வெறுத்து எழுந்து போகிறவர்கள் இந்த இடத்தில்தான் போகிறார்கள். அடியில் நூல் சுருண்டால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள், உண்மையில் கோளாறு மேல்நூலில். ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் மூடியே இருக்கும், நூல் அதற்குள் உட்காராமல் மேலோடு போய்விடும், பிடிமானமே இல்லாத நூல் அடியில் போய்க் குவியும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு, மேல்நூலை முழுவதும் உருவி, மறுபடி கோத்துப் பாருங்கள். பத்தில் எட்டு முறை எனக்கு அதோடு சரியாகிவிடுகிறது. பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம், ஒரு எண் குறையுங்கள். மேல்நூல் பின்பக்கம் புள்ளியாகத் தெரிந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். இதையெல்லாம் குயில்ட்டில் வைத்துச் சோதிக்க வேண்டாம், அதற்குத்தான் பயிற்சித் துண்டை அருகில் வைக்கச் சொன்னேன். தினமும் உட்கார்ந்ததும் அதில் ஒரு சாண் தைத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் குயில்ட்டைத் தொடுங்கள்.

எந்த வடிவம் தைப்பது? இணைப்புக் கோட்டின் பள்ளத்திலேயே நேராகத் தைப்பதுதான் சுலபம் என்று புதியவர்களுக்குச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளத்தைவிட்டு ஊசி ஒரு நூல் விலகினாலும் பளிச்சென்று தெரியும், அப்படித் தெரியத் தெரியக் கை இன்னும் நடுங்கும். அதைவிட மெதுவாக வளைந்து போகிற அலைக்கோடுகளைப் போடுங்கள், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, இடைவெளியும் கூடக் குறைய இருக்கலாம். அலைக்கு நேர் கோணல் கிடையாது, பார்க்கிறவருக்குத் தப்பு எது என்று சொல்லவே வழியில்லை. நேர்கோடுதான் வேண்டும் என்றால் இணைப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, ஃபுட்டின் விளிம்பை இணைப்போடு ஒட்டவிட்டு ஓட்டுங்கள், கண் ஊசியில் இல்லாமல் அந்த விளிம்பில் இருக்கட்டும். கார் ஓட்டுகிறவர் டயரைப் பார்த்தா ஓட்டுகிறார்?

முதல் கோடு குயில்ட்டின் நடுவில். அங்கிருந்து ஒரு பக்கமாக வெளியே போய் முடித்துவிட்டு, திருப்பி மறுபக்கம். ஓரங்களில் தொடங்கினால் நடுவில் காற்றடைத்த மாதிரி துணி எழும்பி நிற்கும், அதைத் தள்ள இடம் இருக்காது.

பெரிய குயில்ட்டில் கை வலிப்பதற்கும் தையல் நெளிவதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், கனம். குயில்ட் மேஜையைவிட்டுத் தொங்கினால் அதன் பாரம் ஊசியை இழுக்கும், ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் ஒரு மேஜையோ நாற்காலியோ போட்டு, துணி முழுவதும் மேலேயே கிடக்கும்படி செய்யுங்கள். ஊசியைச் சுற்றி ஒரு சாண் இடம் தளர்வாக இருந்தால் போதும், மீதி எப்படிக் குவிந்து கிடந்தாலும் கவலை இல்லை.

விரலில் ஊசி ஏறிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு, சொல்ல வெட்கப்படுவார்கள். கைகளை ஃபுட்டின் இரு பக்கமும் அகலமாக, ஊசியிலிருந்து குறைந்தது மூன்று விரல் தூரத்தில் வைத்துப் பழகுங்கள். துணியை நகர்த்திப் பிடிக்கவேண்டுமா, மெஷினை நிறுத்திவிட்டு நகர்த்துங்கள். நிறுத்தும்போது ஊசி துணிக்குள் இறங்கியே நிற்கட்டும், அப்போது கோடு தப்பாது. வேகக் கட்டுப்பாடு இருக்கிற மெஷின் என்றால் பாதியில் வைத்துவிடுங்கள்.

கையை இஷ்டத்துக்கு ஓட்டிப் பூவும் சுருளும் போடுகிற ஃப்ரீ மோஷன் தையலை முதல் குயில்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், பயிற்சித் துண்டில் ஆசை தீரப் போடுங்கள். மெஷின் பல்லை இறக்கிவிட்டு, அதற்கென்று இருக்கும் ஃபுட்டை மாட்டுவதால், தையல் நீளம் இப்போது உங்கள் கை வேகத்தில் இருக்கிறது. மெஷின் ஓட்டம் சீராக, கை நிதானமாக. பயத்தில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், மெஷினை மெதுவாக ஓட்டி, துணியை வெடுக்கென்று இழுப்பார்கள், தையல் நீள நீளமாக வரும். மெஷினில் உட்காருவதற்கு முன்னால் அதே வடிவத்தைப் பேனா எடுக்காமல் தாளில் பக்கம் பக்கமாக வரையுங்கள். கைக்கு வழி தெரிந்துவிட்டால் ஊசியிலும் அதே வழியில் போகும்.

கையால் தைப்பவர்களுக்கு

கைத்தையலில் ஒரு வசதி, எதுவும் திடீரென்று நடக்காது. தப்பு நடந்தால் நான்கு தையலோடு நிறுத்திவிடலாம். இங்கே இருக்கும் பயம் வேறு, தையல் பொடியாக வராதே என்ற பயம். அங்குலத்துக்கு 10 தையல் என்று எங்கோ படித்துவிட்டு, நமக்கு 5தான் வருகிறது என்று விட்டுவிடுகிறார்கள். பொடியாக இருப்பதைவிடச் சமமாக இருப்பதுதான் கண்ணுக்கு அழகு. 5 தையலும் ஒரே நீளம், நடுவே விடும் இடைவெளியும் அதே நீளம் என்றால் யாரும் எண்ணப் போவதில்லை.

கைக்குயில்ட் ஊசிகள் குட்டையாக இருக்கும், எண் கூடக் கூட ஊசி சிறிதாகும். 7 அல்லது 8ல் தொடங்குங்கள், பழகியதும் 10க்குப் போகலாம். நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நீளமானால் சிக்கும், உரசி உரசி நைந்தும் போகும். கைக்குயில்ட்டுக்கென்று விற்கிற நூலில் ஒரு பூச்சு இருக்கும், அதை மெஷினில் போடாதீர்கள்.

நூல் முனையில் சின்ன முடிச்சு. தொடங்கும் இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி ஊசியை மேல்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே மட்டும் செலுத்தி, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுத்து, நூலை லேசாகச் சுண்டி இழுங்கள். 'டொப்' என்று ஒரு மெல்லிய சத்தத்தோடு முடிச்சு துணிக்குள் இறங்கிப் பஞ்சில் மாட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் முடிச்சே தெரியாது. முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு ஓட்டுத்தையல்தான், ஆனால் ஊசியைத் தொட்டில் மாதிரி ஆட்டுகிற ஓட்டுத்தையல். நடுவிரலில் திம்பிள் என்கிற விரல் உறை, அதன் பள்ளத்தில் ஊசியின் காது உட்கார்ந்திருக்கும். ஊசியை நிமிர்த்திச் செங்குத்தாக இறக்குங்கள். துணிக்கு அடியில் இன்னொரு கையின் விரல் காத்திருக்கும், ஊசிமுனை அதைத் தொட்டதும், குத்தக்கூட வேண்டாம், தொட்டதும் காதுப்பக்கத்தைக் கீழே சாய்த்து, அடிவிரலால் துணியைக் கொஞ்சம் மேலே தள்ளினால் முனை ஒரு அரிசிமணி அளவுக்கு மேலே எட்டிப் பார்க்கும். மறுபடி நிமிர்த்தி இறக்குங்கள். இப்படி மூன்று நான்கு தையல் ஊசியில் ஏறிய பிறகு ஒரே இழுப்பு. அடிவிரல் தொடாவிட்டால் ஊசி அடித்துணியைத் தாண்டவில்லை என்று அர்த்தம், பின்பக்கம் தையல் விட்டுப்போயிருக்கும். அந்த விரலுக்கு இரண்டு மூன்று நாள் வலி இருக்கும், சின்ன பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். வளையத்தில் மாட்டும்போது துணி மேளத்தோல் மாதிரி விறைத்திருக்கக் கூடாது, கையை வைத்து அழுத்தினால் கொஞ்சம் குழிய வேண்டும், விறைப்பில் ஊசியை ஆட்ட முடியாது.

இதுவும் பயமாக இருக்கிறதா? பேர்ல் காட்டன் என்கிற தடித்த எம்பிராய்டரி நூலில் 8ம் எண்ணை எடுத்து, எம்பிராய்டரி ஊசியில் கோத்து, அங்குலத்துக்கு நான்கே நான்கு தையலாகப் பெரிது பெரிதாகப் போடுங்கள். இது ஒரு தனி அழகு, வேகமாகவும் நகரும்.

கோடு போடுவதற்கு முன்

குறிக்கிற பேனாவை மேல்துணியின் மிச்சத் துண்டில் போட்டு, துவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். தண்ணீரில் அழிகிற நீலப் பேனாக் கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறைகிற பேனாவோ குளிர் பட்டால் மறுபடி தெரியக்கூடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கொஞ்சம் பயப்படுவது நல்லது. நேர்கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகத் தைப்பது எனக்குப் பிடித்த வழி, அன்றன்றைக்கே உரித்துவிட வேண்டும், பசை படியவிடக் கூடாது.

எதைப் பிரிப்பது, எதை விடுவது

தைத்துக்கொண்டிருக்கும்போது கண் ஊசிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து எல்லாமே தப்பாகத்தான் தெரியும். அன்றைய வேலை முடிந்ததும் குயில்ட்டைச் சுவரிலோ கட்டிலிலோ விரித்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்தும் உறுத்துகிறதா, பிரியுங்கள். பின்பக்கம் துணி மடிந்து தைபட்டிருந்தால் பிரியுங்கள், நூல் தளர்ந்து விரல் மாட்டுகிற வளையமாக நின்றால் பிரியுங்கள், அது துவைக்கத் துவைக்க இன்னும் மோசமாகும். மற்றபடி கோடு கொஞ்சம் அலைந்தது, ஒரு தையல் நீளமாகிவிட்டது என்பதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் பழைய வேலைத்துணிகளில் செய்த குயில்ட்களை 2002ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. அவற்றில் பலவற்றில் கோடுகள் சாய்ந்தும் வளைந்தும்தான் போகின்றன, அந்த ஓட்டம்தான் பார்க்கிறவர்களை நிறுத்தியது.

பெரிய அளவு மட்டும்தான் இன்னும் பயமுறுத்துகிறது என்றால் குழந்தை விரிப்பு அளவில் முதலில் ஒன்று முடியுங்கள். அதுவும் வேண்டாமா, தடித்த நூலை 4 அங்குலத்துக்கு ஒரு இடத்தில் மூன்றடுக்கையும் கோத்து இரட்டை முடிச்சுப் போட்டு வெட்டிவிடுங்கள், முடிச்சுக் குயில்ட் என்பது காலங்காலமாக இருக்கும் முறை, உங்கள் பஞ்சுவிரிப்பின் உறை அந்த இடைவெளியை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரங்களை மூடுகிற ஓரப்பட்டியையும் தைத்து முடித்ததும் ஒரு முறை துவைத்துக் காயவையுங்கள். பருத்திப் பஞ்சு கொஞ்சம் சுருங்கும், தையல் கோடுகளின் இரு பக்கமும் துணி மெல்லப் புடைத்து எழும்பும், நீங்கள் தூக்கமில்லாமல் கவலைப்பட்ட அந்தக் கோணல் தையல் அந்தப் புடைப்புக்குள் எங்கோ போயிருக்கும். நான் நடுவில் போட்ட என் முதல் கோட்டை இப்போது விரலால் தடவித்தான் தேட வேண்டியிருக்கிறது.